ஏழு படிகளும் என் இரண்டு சரிவுகளும்

பதினொரு பெரிய வள்ளம். சின்ன வள்ளங்களை நான் எண்ணவில்லை. கண்டக்குழியில் உல்லாசப் பயணிகளுக்கு மூன்று மரவீடு. மூன்றும் எந்தக் காற்றுக்கும் நின்றவை. ஒரு பள்ளிவாசலுக்கு மிம்பர் மேடை, உடப்பில் ஒரு கோயில் தேருக்கு நான்கு சில்லு, ஒரு மாதா கோயிலுக்குத் திருநாளில் தோளில் சுமக்கிற கூடு. மூன்று சமயத்தாருக்கும் வேலை செய்திருக்கிறேன். மூன்றிலும் ஒரு மூட்டு விட்டுப்போனது என்று எவரும் வந்து சொன்னதில்லை. இத்தனையையும் மூன்றாம் வகுப்புப் படிப்போடு, வாப்பா விட்டுப்போன ஒரு உளிகூட இல்லாமல், மரம் அறுக்கிற இரவல் வாளை வைத்துத் தொடங்கிக் கட்டினேன்.

கடைசியாகக் கட்டியது சங்குத்துறைப் பழைய பண்டகசாலையின் வாசலில் இருந்த சரிவு. நடக்க ஏலாதவர்கள் சில்லுக் கதிரையோடு உள்ளே போவதற்கான சரிவு. இந்த வருடம் அதைக் கழற்றிவிட்டு இரும்பில் ஒன்று போட்டிருக்கிறார்கள். திறப்பு விழா முடிந்தபின், அதன் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் வீடு தேடி வந்தார்கள். “ஒரு பக்கம் போதும் ஓடாவியார்” என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்குகிற வேலையை நான் செய்ததில்லை.

நான் இஸ்மாயில் ஓடாவி, மரவேலைக்காரன். ஒன்பது வயதில் வள்ளம் கட்டுகிற வாடிக்குப் போனேன். இரண்டு வருடம் தார் கிண்டினேன். மூன்று வருடம் மற்றவர்கள் ஆணி அடிப்பதைப் பார்த்தேன். பிறகு அடித்தேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

பைபர் படகு வந்ததும் மர வள்ளத்துக்கு ஆள் குறைந்தது. அந்த நேரத்தில்தான் சங்குத்துறையில் காட்சிசாலை திறக்கிற கதை வந்தது. ஒல்லாந்தர் காலத்துப் பண்டகசாலை அது. கடலேரியான களப்பின் கரையில், வெள்ளம் ஏறாத உயரத்தில் தளம் போட்டு, முன்னால் ஏழு கற்படி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பின்பக்கத்தில் தோணி வந்து நிற்கிற பள்ளத் துறை ஒன்று. துறை தூர்ந்து புல் முளைத்துக் கிடந்தது. அதைத் தோண்டி, சேற்றில் புதைந்து கிடந்த ‘ரஹ்மத்’ என்ற பாய்மரத் தோணியைக் கொண்டுவந்து அதில் நிறுத்த வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் கூரை ஓடும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கரை நெடுகப் போய்வந்த தோணி அது. கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்து, பாரந்தூக்கி இல்லாமல் முடியாது, பாரந்தூக்கி இந்த மணலில் நிற்காது, ஆகவே முடியாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். நான் முப்பத்தாறு பேரையும் ஆறு தென்னங்குற்றியையும் வைத்து இரண்டு நாளில் நிறுத்தினேன். நாலடி நீளத்துக்கு ஒரு அடி ஏறுகிற சரிவு வெட்டி, கால் வழுக்காமல் குறுக்குக் கட்டை அடித்து, அதன்மேல் இழுத்தோம். மேல்தட்டு பண்டகசாலைத் தளத்துக்குச் சரிமட்டமாக வந்து நின்றது. ஒரு அகலப் பலகை போட்டால் தளத்திலிருந்து நேரே தோணிக்குள் போகலாம். பார்த்தவர்கள் இது தற்செயல் என்று நினைப்பார்கள். தற்செயல் இல்லை. நான் அளந்தேன்.

அந்த வேலையைப் பார்த்துத்தான் என்னைக் காட்சிசாலையிலேயே பராமரிப்புக்கு வைத்துக்கொண்டார்கள். பொறுப்பதிகாரி அன்டன் சேர், சிலாபம் பக்கத்து ஆள். மெலிந்தவர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். அவருடைய போக்கை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் எடுத்தது. அவர் வாயால் ‘இல்லை’ என்று சொல்லமாட்டார். நாம் ஏதாவது கேட்டுப் போனால் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு, “கதிரையில இருங்க” என்பார். கதிரை தந்தால் காரியம் நடக்காது என்று அர்த்தம். நிற்கவைத்தே பேசி, “எழுதித் தாங்க” என்றால் நடக்கும். புதிதாக வந்த வேலையாட்கள் கதிரை கிடைத்ததும் சந்தோஷப்படுவார்கள். நான் நின்றுகொண்டிருக்கத்தான் பார்ப்பேன்.

பழைய கட்டடத்தில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது: எதுவும் தொடக்கூடாது. சுவரில் ஆணி இல்லை, படியில் சீமெந்து இல்லை, ஏணியைக்கூடச் சாத்தக்கூடாது. புதிதாக எதையாவது சுவருக்குக் கிட்ட வைத்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளோடு வருவார். சுவருக்கும் பொருளுக்கும் நடுவே தாளை விட்டு மேலிருந்து கீழே இழுப்பார். தாள் தடங்காமல் வந்தால் சரி. தடங்கினால், தாளைத் தடங்கிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். நாங்கள் அந்த இடத்தைச் சீவ வேண்டும்.

நடக்க ஏலாதவர்கள் வந்தால் என்ன செய்வது என்பதற்கு நான் வந்த முதல் மாதமே வழி கண்டுபிடித்தேன். ஒரு கைக்கதிரை, அதன் இரண்டு பக்கமும் இரண்டு மூங்கில், நான்கு ஆள். மாதா கோயில் கூடு செய்த அனுபவம் இதில் உதவியது. கண்டக்குழி சூசை முன்வலது, மற்ற மூவர் மற்ற மூலைக்கு. வலை இழுக்கிறவன் சூசை. மூச்சுப் பிடிக்கிற கணக்கு அவனுக்குத் தெரியும். வெள்ளைக்காரர் ஒருவரை ஏற்றியபோது அவர் தொப்பியை ஆட்டினார், அவருடைய மனைவி படம் எடுத்தார். சிலாபத்து மொத்த வியாபாரி ஒருவரை ஏற்றியபோது நான்கு பேருக்கும் இரண்டு நாள் தோள் வலி. ஒருவரையும் கீழே போட்டதில்லை. இப்படி ஒரு ஏற்பாடு இந்தக் கரையில் வேறெங்கும் இல்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையும்தான்.

பிறகு நபீஸா வந்தார்.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு நாங்கள் சாப்பிட்டு எழும்பிய நேரம். கரைத்தீவிலிருந்து ஒரு வேன். ஓட்டி வந்தது அவருடைய தம்பி, பின்கதவைத் திறந்து சில்லுக் கதிரையை இறக்கியது தம்பியின் மனைவி, கதிரையில் இருந்தவர் நபீஸா. வயது என்னைவிட ஏழெட்டுக் குறைவு. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் போனவர். ஊர் மன்னார்ப் பக்கம்; சண்டைக் காலத்தில் அங்கிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேறி வந்தபோது வந்தவர்கள். தையல் வேலை.

சூசையும் மற்றவர்களும் கூப்பிடாமலே தூக்குக் கதிரையோடு வந்து நின்றார்கள். நபீஸா அதை மேலும் கீழும் பார்த்தார்.

“இது ஆருக்கு?”

“உங்களுக்குத்தான் ராத்தா. பயப்பிட வேணாம், இதுவரைக்கும் ஒருத்தரையும் போடல்ல” என்றான் சூசை.

நானும் என் பங்குக்குச் சொன்னேன். “போன மாசம் சிலாபத்து யாவாரி ஒருத்தர ஏத்தினோம் தங்கச்சி. ஒங்களப் போல மூணு பேர் அவரு.”

“அப்ப அவரயே ஏத்துங்க” என்றார் நபீஸா.

தம்பி மனைவி என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, மச்சி நபீஸாவை அந்நிய ஆம்பிளைகள் தொடக்கூடாது, அது விளங்காதா என்று கேட்டார். விளங்கியது. நானும் ஐந்து வேளை தொழுகிறவன். அது முதலிலேயே தோன்றாமல் போனதற்கு வெட்கப்பட்டேன். சூசை, கண்ணைக் கட்டிக்கொண்டு தூக்குகிறோம் என்றான். ஏழு படியில் கண்ணைக் கட்டிக்கொண்டா என்று நபீஸா கேட்டார். அவன் யோசித்துவிட்டுப் பின்வாங்கினான். நான் அப்படி யோசித்துக்கொண்டு நிற்கிறவன் இல்லை. பக்கத்துக் கருவாட்டு வாடிக்குப் போய் நான்கு பெண்களைக் கூட்டிவந்தேன். நான்கு பேரும் ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்து நடக்கிறவர்கள். சேலையைச் சொருகிக்கொண்டு மூங்கிலைப் பிடித்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

நபீஸா அவர்களுக்கு ஸலாம் சொன்னார். கஷ்டப்பட்டு வந்ததுக்கு நன்றி என்றார். பிறகு என்னைப் பார்த்து, அண்ணன் முறை வைத்துப் பேசினார்.

“நானா, ‘ரஹ்மத்’துக்கு என்ட வாப்பாதான் தண்டையல், சுக்கான் புடிச்சவரு. தோணி வார நாளையில அவரு என்னத் தூக்கிட்டு வந்து மணல்ல வெப்பாரு. மத்தப் புள்ளயள் எல்லாம் ஓடிப்போய் ஏறுவாங்க. நான் பார்த்திட்டு இருப்பன். தூக்கினவரு வெக்கிற இடத்துலதான் நான் இருந்த. வீட்டுலயும் அப்பிடி, ஊர விட்டு வரக்குள்ளயும் அப்பிடி. வாப்பா மவுத்தாகி நாப்பது வருஷம். இனி ஒருத்தரும் என்னத் தூக்கி வெக்க வேணாம். ஆம்புளயும் வேணாம், பொம்புளயும் வேணாம்.”

கருவாட்டு வாடிப் பெண்கள் மூங்கிலைக் கீழே வைத்தார்கள். அதில் ஒருத்தி, சரிதானே என்று என்னிடம் சொன்னாள், நான் மறுத்தது போல.

தம்பி வேனில் சாய்ந்துகொண்டு ஒரு விஷயம் சொன்னார். அவருக்குக் கட்டாரில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசியில் பயணம். போகும்போது வேனை விற்றுவிடுவார். சில்லுக் கதிரையை ஏற்ற பஸ்ஸில் இடமில்லை, கரைத்தீவிலிருந்து களப்பைச் சுற்றி வர வேறு வழியும் இல்லை. தன் தாத்தா, அதாவது அக்கா, தோணியைப் பார்ப்பதென்றால் இந்த மாதத்துக்குள் பார்க்க வேண்டும்.

அன்டன் சேர் மேல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வேன் போனபின் அவருடைய அறைக்குப் போனேன். நான்கு நாள் தந்தால் படிக்கு மேலால் ஒரு சரிவு கட்டுவேன் என்றேன். அவர் கதிரை தரவில்லை. “எழுதித் தாங்க” என்றார்.

என் வாழ்க்கையில் எழுதிய முதல் கடிதம் அது. எழுத்துக் கூட்டி, ஐந்து வரி. ‘படியில் ஏற ஏலாதவர்களுக்குச் சரிவு வேண்டும். சுவரில் தொடாமல் கட்டலாம். ஆணி இல்லை. நான் கட்டுவேன். வேறு ஆளால் ஏலாது.’ கீழே பெயர். அவர் வாசித்து, சிவப்பு மையால் இரண்டு எழுத்தைத் திருத்தி, கோப்பில் போட்டார். ஒரு மாதத்துக்கு அனுமதி என்றார். கொழும்பிலிருந்து எப்போதோ வந்த ஒரு தாளையும் தந்தார். சரிவு எப்படி இருக்க வேண்டும் என்று படத்தோடு ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

இந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நான் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. முப்பத்தாறு பேரை வைத்துத் தோணி ஏற்றியவனுக்குச் சரிவு படித்துத் தருகிறார்களா என்று நினைத்தேன். நான் மரம் சீவுகிற வாங்குப் பலகையில் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. தாளை நான்காக மடித்து அதன் கீழ் வைத்தேன். வாங்கு ஆடுவது நின்றது.

நான்கு நாள் என்றது ஒன்பது நாளாயிற்று. ஆனால் வேலை வேலைதான். பனைமரக் கால்கள், அடியில் அகலப் பலகை. தரையில் ஒரு குழி இல்லை. மூட்டுகளில் மர ஆணி, அதற்குமேல் தும்புக் கயிற்றுக் கட்டு, கட்டுமரத்துக்குப் போடுகிற மாதிரி. பதினாறு அடி நீளம், நாலடிக்கு ஒரு அடி ஏற்றம், ஒவ்வொரு அடிக்கும் ஒரு குறுக்குக் கட்டை. அன்டன் சேர் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தாளோடு வந்தார். மூன்றாவது காலில் தாள் தடங்கியது. விட்டுவிட்டுப் போனார். சீவினேன். மறுபடி வந்தார். தடங்கவில்லை. சூசை அதன்மேல் ஏறிக் குதித்துக் காட்டினான். நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து குதித்தோம். அசையவில்லை.

நபீஸாவுக்குத் தொலைபேசியில் சொன்னோம். அடுத்த நாளே வேன் வந்தது. அவர் நல்ல உடுப்பு உடுத்து வந்திருந்தார். சரிவுக்குக் கிட்டப் போய், முதல் குறுக்குக் கட்டையில் சில்லை முட்டிப் பார்த்தார். மேலே அண்ணாந்து பார்த்தார்.

நான் விளக்கினேன். ஒருவரும் தொடமாட்டார்கள். கதிரையின் முன்னால் கயிறு கட்டுவோம். கயிறு மேலே போய், அங்கே நாலு பேர் நின்று இழுப்பார்கள். பின்னால் சறுக்காமல் இருக்க இன்னொரு கயிறு, முற்றத்தில் கிடக்கிற பழைய நங்கூரத்தில் இரண்டு சுற்றுப் போட்டுச் சூசை கையில் வைத்திருப்பான். பெரிய பாரத்தை ஏற்றுகிற முறையே அதுதான். சூசை கயிற்றைக் காட்டினான்.

“ஓடாவி நானா,” என்றார் நபீஸா, “இது தோணி ஏத்துற சரிவு. நான் தோணியில்ல.”

சூசை களப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தம்பி வேனின் கதவைத் திறந்து மூடினார். அன்டன் சேர் உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து முற்றத்தில் எனக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இருங்க” என்றார்.

இருந்தேன். அத்தனை வருடத்தில் நான் அவரிடம் வாங்கிய முதல் கதிரை அது.

பிறகு அவர் அந்தக் கொழும்புத் தாள் எங்கே என்று கேட்டார். நான் எழும்பிப் போய் வாங்கின் காலுக்கடியிலிருந்து எடுத்து வந்தேன். அதில் வட்டமாக ஒரு அழுக்கு. அவர் விரித்து, அழுக்கை ஊதிவிட்டு, தமிழில் வாசித்துச் சொன்னார்: ஒரு அடி ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி ஓட வேண்டும்.

கணக்குப் பார்த்தேன். ஏழு படி நாலு அடி ஒரு அங்குலம். அப்படியென்றால் ஐம்பது அடிச் சரிவு. ஏழு படிக்கு ஐம்பது அடி யார் கட்டுவான், இது கொழும்பில் கதிரையில் இருந்து எழுதிய கணக்கு என்றேன்.

நபீஸா கதிரையை எனக்கு முன்னால் உருட்டிவந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். பெருவிரலுக்குக் கீழே தோல் காய்த்து மஞ்சளாக இருந்தது. என் கையும் அதே இடத்தில் அப்படித்தான் இருக்கும். உளிப்பிடியால் வந்தது எனக்கு, சில்லால் வந்தது அவருக்கு.

“இந்தக் கை எவ்வளவு ஏறும், எங்க மூச்சு வாங்கும் எண்டு எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியுமா? கேட்டீங்களா?”

நான் கேட்கவில்லை. பல பேரை ஏற்றியிருக்கிறேன், ஒருவரிடமும் கேட்டதில்லை. வள்ளம் கட்டும்போது வள்ளத்திடம் கேட்பதில்லை. அந்தப் பழக்கம்.

“இன்டைக்கி கேக்குறன்” என்றேன்.

அன்றைக்குப் பின்னேர அசர்த் தொழுகை வரை கேட்டேன். வள்ளத்துக்குக் கோடு போடுவது போலத்தான் செய்தோம். நாங்கள் காகிதத்தில் வரைவதில்லை. தரையில் முழு அளவில் போட்டுத்தான் மரம் வெட்டுவோம். முற்றத்துச் சீமெந்துத் தரையில் ஈர மணலை மெல்லிதாகப் பரப்பினேன். நபீஸா அதன்மேல் உருட்டிப் போனார், நின்றார், திரும்பினார், பின்னால் வந்தார். சில்லுத் தடம் மணலில் அச்சாக விழுந்தது. ஒரு சுற்றுத் திரும்ப ஐந்து அடி வேண்டும் என்று தடம் சொன்னது. நான் மூன்று அடி என்று நினைத்திருந்தேன். முன் சின்னச் சில்லு அரை அங்குல இடைவெளியில்கூட விழும் என்றார். ஒரே மூச்சில் பதினேழு அடி ஏலும், அதற்குமேல் கை நடுங்கும் என்றார். கைபிடி எந்த உயரம், பக்கத்தில் சில்லு வெளியே போகாமல் எவ்வளவு விளிம்பு, எல்லாம் அவர் சொன்னார். சூசை கூரான தடியால் தடத்தைச் சுற்றிக் கோடு போட்டான். தம்பி மனைவி, மச்சிக்கு இவ்வளவு கதைக்கத் தெரியுமா என்று ஆச்சரியப்பட்டார். அன்டன் சேர் அந்த மணலை இரண்டு நாள் கூட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

தம்பியின் பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. முதல் சரிவை நானே கழற்றினேன். வேறு யாரும் கழற்றுவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. பதினேழு அடியாக மூன்று ஓட்டம். ஓட்டத்துக்கு ஓட்டம் நடுவே ஐந்தடிச் சதுரத் தட்டு, நின்று மூச்சு வாங்கித் திரும்ப. ஒரு கட்டை இல்லை, ஒரு படி இல்லை. பலகை இடைவெளிக்கு என்ன செய்வது என்று யோசித்து, வள்ளத்துக்குச் செய்கிறபடி பஞ்சு திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றிக் கலப்பத்துப் பார்த்தேன். கலப்பத்துப் பார்த்த சரிவு உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே இறங்காது. எட்டாம் நாள் மழை பெய்தது, ஒரு சொட்டும் இறங்கவில்லை. விளிம்பு வேறு இருந்ததால் இரண்டு தட்டிலும் குளம் கட்டி நின்றது. சூசை, மீன் விடலாம் என்றான். துளை போட்டேன்.

பத்தாம் நாள் முடித்தேன். அன்டன் சேரின் தாள் எங்கும் தடங்கவில்லை. அவர் அதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

பயணத்துக்கு முதல் நாள் வேன் வந்தது. நபீஸா இறங்கியதும் அன்டன் சேர் எங்களை வரிசையாக நிற்கச் சொன்னார். நான், சூசை, மற்ற மூவர், தம்பி.

“எல்லாரும் கைய பின்னால கட்டுங்க. நான் சொல்றவரைக்கும் எடுக்க வேணாம்.”

தானும் கட்டிக்கொண்டார்.

வேலை செய்கிற கை எனக்கு. அறுபது வருடத்துக்கு மேலாக எதையாவது பிடித்துக்கொண்டே இருந்த கை. அதைப் பின்னால் கட்டிவைத்தது அதுவரை எந்த வள்ளத்திலும் படாத பாடு.

முதல் ஓட்டம் சுகமாக ஏறினார். தட்டில் நின்றார், மூச்சு வாங்கினார், ஐந்தடிக்குள் திரும்பினார். இரண்டாவது ஓட்டத்தில் பாதியில் நின்றார். கை சில்லில் இருந்தது, சில்லு நகரவில்லை. பிறகு ஒரு சாண் பின்னால் வந்தது. சூசையின் கால் முன்னால் போனது.

“சூசை” என்றார் அன்டன் சேர், எப்போதும் பேசுகிற அதே சத்தத்தில்.

கால் திரும்பி வந்தது. தம்பி மனைவி பிஸ்மி சொல்லிக்கொண்டிருந்தார். நபீஸா சில்லைப் பிடித்துக்கொண்டே சிறிது நேரம் இருந்தார், அவசரமில்லாத ஆள் போல. பிறகு கையை மாற்றிப் பிடித்து ஒரு தள்ளு. அதற்கு மேல் இன்னொன்று. இரண்டாவது தட்டு. மூன்றாவது ஓட்டம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. நான் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்காவது வளைகிறதா என்று. வளையவில்லை.

மேலே போய்த் திரும்பிப் பார்த்து, இப்ப ஒருத்தரும் வர வேணாம் என்றார். பண்டகசாலைக்குள் போனார். சில்லுச் சத்தம் கல் தளத்தில் கேட்டது. பிறகு பலகையில் கேட்டது. பிறகு தோணியின் மரத்தில் கேட்டது. எனக்கு அந்த மூன்று சத்தமும் வேறு வேறாகத் தெரியும். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் கையைப் பின்னால் கட்டியபடியே நின்றோம். அன்டன் சேர் எடுக்கச் சொல்ல மறந்துவிட்டார்.

கூப்பிட்டதும் போனோம். நபீஸா தோணியின் பின்னணியத்தில், சுக்கான் பிடிக்கிற இடத்தில் இருந்தார். சில்லுக்குப் பூட்டுப் போட்டிருந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல ஏலாது.

“வாப்பா சொன்னத்த விடச் சின்னது” என்றார்.

தோணிகள் அப்படித்தான் என்றேன். கட்டினவன் சொல்லும்போதும் பெரிதாகத்தான் இருக்கும். மன்னார் எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். பூட்டைக் கழற்றி, கதிரையைத் தானே திருப்பி, அந்தப் பக்கமாக வைத்துக்கொண்டார். தம்பி, வேனை வாங்கப் போகிற ஆளைச் சந்திக்க நேரமாகிறது என்று சொல்லிப் பார்த்தார். நபீஸா கேட்டதாகத் தெரியவில்லை. அந்தி மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்தான் இறங்கினார். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கையால் சில்லைத் தேய்த்துத் தேய்த்து இறங்கினார்.

வேலையில் ஏதாவது பிழை உண்டா என்று கேட்டேன். கைபிடி ஒரு விரல் உயரம் கூட என்றார். அடுத்த நாளே குறைத்தேன். நபீஸா அதற்குப் பிறகு வரவில்லை, வர வழியில்லை.

ஒரு மாத அனுமதியில் கட்டிய அந்தச் சரிவு எட்டு வருடம் நின்றது. அன்டன் சேர் சட்டத்தை மாற்றவில்லை. மாதம் பிறந்தால் என்னைக் கூப்பிட்டு, நிற்கவைத்து, “எழுதித் தாங்க” என்பார். மாதம் ஒரு கடிதம், இன்னும் ஒரு மாதம் நீடிக்கக் கேட்டு. சிவப்பு மைத் திருத்தம் வருடத்துக்கு வருடம் குறைந்து, கடைசியில் நின்றுபோனது. இன்று இவ்வளவும் நானே எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் பள்ளிக்கூடம் இல்லை. அந்த எட்டு வருடத்தில் என் சரிவில் யாராரோ ஏறினார்கள். ஊன்றுகோல்காரர், பிள்ளை வண்டி தள்ளுகிற தாய்மார், வெற்றிலைத் தட்டோடு வந்த கல்யாணக்காரர். தூக்குக் கதிரையைக் கழற்றி மூங்கிலைக் கொடிக்கம்பத்துக்குக் கொடுத்தேன்.

பிறகு அன்டன் சேர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பிறகு நான். புதிய சரிவு போட வந்த ஒப்பந்தக்காரர், வேலை தொடங்குவதற்கு முந்தின நாள், என் சரிவை நாடாவால் அளந்தார். மூன்று ஓட்டம், பதினேழு அடி, ஐந்தடித் தட்டு, ஒரு விரல் குறைத்த கைபிடி. எல்லாவற்றையும் அப்படியே குறித்துக்கொண்டார். எனக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் நாடாவின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். இரும்புச் சரிவு நல்ல வேலை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெயிலில் கைபிடி சுடும். அதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

திறப்பு விழாவில் பின்வரிசையில் எனக்கு இடம் தந்தார்கள். சுவரில் தொடாமல் ஒரு தூணில் கருங்கல் பதித்திருக்கிறார்கள். ‘நடமாட இயலாதோருக்காக இங்கு அமைக்கப்பட்ட முதலாவது சரிவுப் பாதை’ என்று வெட்டியிருக்கிறது. கீழே ஐந்து பெயர். ஐந்து பேரில் ஒருவரும் நபீஸாவைக் கண்டதில்லை. அது முதலாவது இல்லை, மூன்றாவது.

ஆகவே மலர்க் குழுவினருக்கும், இப்போதைய பொறுப்பதிகாரிக்கும், கல் வெட்டியவருக்கும் நான் கேட்பது இது. ‘முதலாவது’ என்ற சொல்லை எடுங்கள். அதற்கு முன் இதே இடத்தில் மரத்தில் இரண்டு சரிவு இருந்தது, இரண்டையும் கட்டியவர் இஸ்மாயில் ஓடாவி என்று வெட்டுங்கள். முதல் சரிவு பிழையானது என்றும் வெட்டலாம். அந்தப் பிழையும் என்னுடையதுதான், வேறு ஒருவருக்கும் அதில் பங்கு கிடையாது. ‘உதவியவர்’ என்று மட்டும் போட வேண்டாம். நான் உதவவில்லை, கட்டினேன். அளவு சொன்னவர், தானாக முதலில் ஏறியவர் கரைத்தீவு நபீஸா. அவருடைய பெயரைப் போடுவதா என்று ஆள் அனுப்பி அவரிடம் கேளுங்கள். கேட்காமல் போட வேண்டாம். என் பெயரைப் போடுவதா என்று என்னிடம் கேட்கத் தேவையில்லை.